நேர்கோட்டுச் சமன்பாடு: பெயரே பாதி விளக்கம்

"மாமா, ஏகபரிமாணச் சமன்பாடு எண்டா என்ன?" கொழும்பு வெள்ளவத்தை வீட்டு மேசையில் சதுரக் கொப்பியை விரித்துவைத்துக்கொண்டு மருமகள் கேட்டாள். கணக்கு அவளுக்கு நன்றாக வரும். அந்தப் பெயர்தான் மிரட்டியது.

ஏகம் என்றால் ஒன்று. பரிமாணம் என்றால் அளவு. ஆனால் முப்பரிமாணப் படம் பார்த்து வளர்ந்த பிள்ளைக்குப் பரிமாணம் என்றதும் நீளம், அகலம், உயரம்தான் நினைவுக்கு வரும். கொப்பியிலோ இரண்டு அச்சுகள் இருக்கின்றன. பிள்ளை குழம்பாமல் என்ன செய்யும்?

இதே சமன்பாட்டை ஆங்கிலத்தில் 'லீனியர்' சமன்பாடு என்பார்கள். அந்த 'லீனியர்' இலத்தீன் 'லினேயா'விலிருந்து வந்தது. லினேயா என்றால் கோடு. அதன் வேர் ஆளிச்செடி நாரில் திரித்த நூலைக் குறிக்கிறது. நம் மேசனும் கல் அடுக்குமுன் இரு முனையிலும் ஆணி அடித்து நூல் கட்டுகிறார். 'நூல் பிடித்தாற்போல் நேராக' என்று நாம் சொல்வதும் அதே காட்சிதான். எனவே நேர்கோட்டுச் சமன்பாடு என்பதே எனக்குப் பிடித்த சொல். ஒருபடிச் சமன்பாடு என்பதும் சரியே. மாறியின், அதாவது மதிப்பு மாறக்கூடிய கணியத்தின், அடுக்கு ஒன்று என்பதை அது சொல்லிவிடுகிறது. தமிழ்நாட்டில் நேரியல் சமன்பாடு என்பார்கள்.

'சமன்' பழைய சொல். 'சமன்செய்து சீர்தூக்குங் கோல்' என்று குறளில் (118) தராசுக்கு வருகிறது. இரண்டு தட்டும் ஒத்து நிற்பதுதான் சமன்பாடு.

சரி, கணக்குக்கு வருவோம். கண்டி போய்வர இரண்டு வான்காரரிடம் விலை கேட்டிருந்தோம். ஒருவர் முதலில் 3000 ரூபாய், அப்புறம் கிலோமீற்றருக்கு 100 என்றார். மற்றவர் முன்தொகை வேண்டாம், கிலோமீற்றருக்கு 160 என்றார்.

கட்டணம் = 3000 + 100 × தூரம்
கட்டணம் = 160 × தூரம்

மருமகள் இரண்டையும் கோடாக வரைந்தாள். முதல் கோடு 3000இல் தொடங்குகிறது, அது வெட்டுத்துண்டு. 100, 160 இரண்டும் படித்திறன், அதாவது கோடு ஏறும் வேகம்; தமிழ்நாட்டில் சாய்வு. கிலோமீற்றருக்கு இருவரின் வித்தியாசம் 60. 3000ஐ 60ஆல் வகுத்தால் 50. அந்த 50ஆவது கிலோமீற்றரில் இரு கோடுகளும் வெட்டுகின்றன. இருவருக்கும் 8000 ரூபாய். இப்படி ஒரே புள்ளியில் இரண்டும் பொருந்தும்படி சேர்த்துத் தீர்க்கும் சமன்பாடுகளைத்தான் ஒருங்கமை சமன்பாடுகள் என்கிறோம்.

பாணந்துறைக்குப் போய்வரச் சுமார் 40 கிலோமீற்றர்தான். அதற்கு இரண்டாமவர் மலிவு. கண்டிக்கோ போய்வர 230. ஒருவருக்கு 26,000, மற்றவருக்கு 36,800. மருமகள் கொப்பியை அக்காவிடம் நீட்டினாள். அக்கா முதல் வான்காரருக்கே போன் போட்டார்.