கான்ட்ராஸ்ட் என்னும் நிற முரண்

கருநீலப் பேன்ட்டுக்கு வெளிர்நீலச் சட்டையை எடுத்தால் அதை 'மேட்சிங்' என்கிறோம்; அதே பேன்ட்டுக்குத் துருவேறிய இரும்பின் செம்பழுப்பில் ஒரு சட்டையை எடுத்தால் 'கான்ட்ராஸ்ட்' என்கிறோம். ஆடை பற்றிய அன்றாடப் பேச்சில் இவ்விரு சொற்களும் ஆழ வேரூன்றிவிட்டதால், இவற்றுக்குத் தமிழில் நிகரான சொல் தேவையா என்ற கேள்விகூட எழுவதில்லை. தேவை என்றே நான் கருதுகிறேன். 'கான்ட்ராஸ்ட்' என்று சொல்வோரில் பலர் அதற்கு 'வேறு நிறம்' என்று மட்டும் பொருள் கொள்கிறார்கள். அதனால் கைக்கு வந்த இரண்டு நிறங்களை ஒன்றாக உடுத்திவிட்டு, ஏன் எடுபடவில்லை என்று வருந்துகிறார்கள். ஒன்றுக்கொன்று உறவில்லாததுபோல் தோன்றும் இரு நிறங்களை, ஒன்று மற்றொன்றைத் தூக்கிக் காட்டும்படி ஓர் உடைக்குள் சேர்ப்பதே அச்சொல்லின் முழுப்பொருள்.

சொல்லின் பிறப்பு இலத்தீனில் இருக்கிறது. 'கோன்ட்ரா' என்றால் எதிரே. 'ஸ்டாரே' என்றால் நிற்றல். எதிர்த்து நிற்றல் என்ற பொருளோடு இத்தாலியத்துக்கும் பிரெஞ்சுக்கும் வந்த இச்சொல், அங்கே ஓவியர்களின் பட்டறைச் சொல்லாக மாறி, 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் நுழைந்தது. ஓவியர்கள் பேசியது ஒரே திரைக்குள் இருக்கும் இருளும் ஒளியும், நிறமும் நிறமும் ஒன்றையொன்று எப்படி வலுப்படுத்துகின்றன என்பதைப் பற்றி. பகைமை என்ற பழைய பொருள் அங்கேயே பாதி கரைந்துவிட்டது.

இச்சொல்லுக்குத் துணியோடு உறவு ஏற்பட்ட கதை ஒரு புகாரில் தொடங்குகிறது. பாரிசின் கோபெலான் திரைச்சீலை நெசவுக்கூடத்தில் 1824ஆம் ஆண்டு சாயப் பிரிவுக்குப் பொறுப்பேற்ற வேதியியலாளர் மிஷேல் யூஜேன் ஷெவ்ரல், கறுப்பு நூலில் கறுப்பு போதவில்லை என்ற குறையைக் கேட்க நேர்ந்தது. அவர் அந்த நூலை வேறு பட்டறைகளின் கறுப்பு நூலோடு ஒப்பிட்டுப் பார்த்தார். சாயத்தில் குறை இல்லை. நீலத்துக்கும் ஊதாவுக்கும் பக்கத்தில் நெய்யப்பட்டதால்தான் கறுப்பு வலுவிழந்து தெரிந்தது. அருகருகே உள்ள இரு நிறங்களில் ஒவ்வொன்றும் மற்றதைத் தன் எதிர்ப்பக்கம் நோக்கித் தள்ளுகிறது என்ற விதியை அவர் 1839இல் நூலாக வெளியிட்டார். சாம்பல் நிற ஸ்கார்ஃப் ஒன்றைப் பச்சைச் சட்டையின்மேல் போட்டுப் பாருங்கள். அந்தச் சாம்பலில் மெல்லிய இளஞ்சிவப்பு படரும். அதையே சிவப்புச் சட்டைக்கு மாற்றினால் பச்சை சாயும். துணி மாறவில்லை, அண்டை நிறம் மாறியிருக்கிறது. ஆகவே உடையில் ஒரு நிறத்தைத் தனியாகத் தேர்ந்தெடுக்க முடிவதில்லை, இணையாகத்தான் தேர்ந்தெடுக்கிறோம்.

இத்தனையையும் தாங்கும் தமிழ்ச் சொல் எது? 'வேறுபாடு' என்பது போதாது. இரண்டும் ஒன்றல்ல என்பதை மட்டுமே அது சொல்கிறது. 'எதிர்நிறம்' அழகான சொல்தான், ஆனால் அதை நிறங்களை வட்டமாக அடுக்கிக் காட்டும் நிறச் சக்கரத்தில் நேரெதிரே நிற்கும் இணைகளுக்கு, அதாவது சிவப்பு–பச்சை, நீலம்–ஆரஞ்சு, மஞ்சள்–ஊதா போன்றவற்றுக்கு ஒதுக்கிவைப்பதே முறை. எதிர்பாராத சேர்க்கைகள் எல்லாம் எதிர்நிறங்களால் ஆனவை அல்ல. அடர் இளஞ்சிவப்பும் ஆரஞ்சும் சக்கரத்தில் பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள், இருந்தும் அவற்றை ஒன்றாக உடுத்தியவரைத் தெருவே திரும்பிப் பார்க்கும். 'உறழ்வு' என்ற பழஞ்சொல்லும் உண்டு. ஒத்தல், மாறுபடுதல் என்ற இரு பொருளையும் ஒருங்கே சுமக்கும் அரிய வேர் அது. ஆயினும் பேச்சில் அது வழங்காததால், சொன்னவுடன் விளக்கமும் சொல்ல வேண்டியிருக்கும்.

என் தேர்வு 'முரண்'. மாறுபாடு, பகை, போர், வலிமை என்பன அகராதிகள் அதற்குத் தரும் பொருள்கள். ஆனால் யாப்பிலக்கணத்தில் அதற்கு இன்னும் நுட்பமான வாழ்க்கை இருக்கிறது. மோனை, எதுகை, இயைபு ஆகியவற்றோடு முரணும் ஒரு தொடை. தொடை என்பது தொடுக்கப்படுவது. பூத் தொடுப்பதில் உள்ள அதே வினைதான். எனவே நம் இலக்கணத்தில் முரண் என்பது பிரிக்கும் சக்தியாக இல்லை, அடியோடு அடியைக் கட்டும் நாராக இருக்கிறது. முரண்தொடைக்கு உரைகள் எடுத்துக்காட்டும் பழம்பாடல் ஒன்றில் இருள் பரந்ததுபோன்ற நீரும் நிலவு குவிந்ததுபோன்ற வெண்மணலும் அடுத்தடுத்த அடிகளில் வருகின்றன. அடுத்து, இரும்பைப் போன்ற கருங்கிளைப் புன்னை பொன்னைப் போன்ற நுண்ணிய தாதை இறைக்கிறது. ஓர் உடையை வடிவமைப்பவர் இதைவிடச் சிறந்த பாடத்தைத் தேட வேண்டியதில்லை. இருளும் நிலவும் முரண்பட்டாலும் இரண்டும் இரவைச் சேர்ந்தவை. இரும்பும் பொன்னும் முரண்பட்டாலும் இரண்டும் உலோகம். பொதுத் தளம் ஒன்று இருந்தால்தான் முரண் முரணாகத் தெரியும். இல்லாவிட்டால் அவை தற்செயலாக அருகில் வந்த இரு பொருள்கள், அவ்வளவே. அளவையும் கவனியுங்கள்: கருமை மரமளவு, பொன் தாதளவு.

அந்தப் பொதுத் தளத்தை உடையில் எங்கே தேடுவது என்பதற்கு, அமெரிக்க ஓவியர் ஆல்பர்ட் மன்செல் 1905இல் வெளியிட்ட நிறக் குறியீட்டு முறை உதவுகிறது. நிறத்துக்கு மூன்று கூறுகள் உண்டு என்றார் அவர். அவற்றைச் சாயல் (சிவப்பா நீலமா என்பது), வெளிர்மை (எவ்வளவு வெளிர், எவ்வளவு இருள் என்பது), செறிவு (எவ்வளவு பளிச்சென்று, எவ்வளவு மங்கலாக என்பது) என்று தமிழில் சொல்லலாம். மூன்றும் ஒரே நேரத்தில் மாறினால் கண்ணுக்குப் பிடிமானம் கிடைப்பதில்லை. கடுகு மஞ்சள் மேலாடைக்குப் பளீரென்ற ஊதா ஸ்கர்ட்டை வைத்துப் பார்த்தேன். இரண்டும் தனித்தனியே அழகு, சேர்ந்தபோது ஊதா மட்டும் கத்தியது. அதே மேலாடைக்குச் சற்றுப் புழுதி படிந்ததுபோன்ற, மங்கிய ஊதாவை வைத்தவுடன் இரண்டும் அடங்கி ஒன்றாயின. சாயல் நேரெதிர், ஆனால் கடுகின் மங்கலும் ஊதாவின் மங்கலும் ஒரே அளவு. மாற வேண்டியது மாறியது, நிற்க வேண்டியது நின்றது.

மேட்சிங்குக்கு 'இயைபு' என்ற சொல்லையும் அதே யாப்பிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். இயைபு எளிது, முரண் கடினம் என்ற பொதுவான எண்ணத்தை நான் ஏற்பதில்லை. ஒரே நீலம் என்று நம்பி வாங்கிய சட்டையும் பேன்ட்டும் கடையின் விளக்கொளியில் ஒத்துப்போய், பகல் வெளிச்சத்தில் ஒன்று பச்சையாகவும் மற்றது ஊதாவாகவும் சாய்வதைப் பலரும் பார்த்திருப்பார்கள். நூலிழை வித்தியாசம் பிழையாகவே தெரியும். பெரிய வித்தியாசத்தைப் பார்ப்பவர் அதை விரும்பிச் செய்தது என்று எடுத்துக்கொள்வார். துருநிறச் சட்டை சற்றே சிவந்திருந்தாலும் பழுப்பேறியிருந்தாலும் கருநீலத்தோடு அதன் உறவு கெடாது.

வெளிச்சத்தைச் சொல்லாமல் நிற முரணைப் பற்றிப் பேச முடியாது. அரக்குச் சிவப்புச் சட்டையும் கருநீலப் பேன்ட்டும் பகலில் எனக்கு மிகப் பிடித்த இணை. அதை உடுத்திக்கொண்டு மங்கிய விளக்கிட்ட மாலை விருந்து ஒன்றுக்குச் சென்றபோது, சுவர்க்கண்ணாடியில் தலை முதல் கால் வரை கறுப்பாக நின்ற ஒருவரைப் பார்த்தேன். ஒளி குறையக் குறையக் கண்ணுக்குச் சிவப்பு விரைவில் இருண்டுபோகும். மஞ்சள் கலந்த விளக்கொளியிலோ கருநீலமும் கறுத்துவிடும். அன்றாட உடைக்குப் பகல் வெளிச்சம் துணை நிற்பதால் சாயலில் முரண் இருந்தாலே போதும். அதுவும் ஒரு காலுறை, ஒரு பை, கழுத்துப் பட்டையின் உட்புறம் என்ற அளவில் இருந்தால் நாள் முழுவதும் சலிக்காது. மாலையில் வெளியே செல்லும் உடைக்கு வெளிர்மையிலும் முரண் வேண்டும்: அரக்கோடு கருநீலத்துக்குப் பதிலாக வெளிர்நீலம், கரும்பச்சையோடு இளம் ரோஜா. பழம்பாடலின் நீரும் மணலும் இரவிலும் பிரிந்து தெரிவதற்குக் காரணம் இதுவே.

'கலர் பிளாக்கிங்' என்பதையும் இதோடு குழப்பிக்கொள்கிறார்கள். அது நிறங்களின் உறவைக் குறிப்பதன்று, அவை பரவியிருக்கும் விதத்தைக் குறிப்பது. ஒவ்வொரு நிறமும் கோலமோ பூவோ இல்லாமல், தெளிந்த விளிம்போடு பாளம் பாளமாக நிற்பது. ஆகவே 'நிறப்பாளம்' என்பேன். ஓவியர் மொன்றியானின் கட்டங்களைக் கொண்டு பிரெஞ்சு ஆடை வடிவமைப்பாளர் ஈவ் சான் லோரன் 1965இல் அமைத்த உடைகள் இதற்குப் பெயர்பெற்ற சான்று. அவற்றில் சிவப்பும் நீலமும் மஞ்சளும் துணிமேல் அச்சிடப்பட்டவை அல்ல. தனித்தனி நிறத் துண்டுகள் தையல் வெளியே தெரியாதபடி இணைக்கப்பட்டவை. ஒரே பச்சையின் மூன்று அடுக்குகளாலும் நிறப்பாளம் அமைக்கலாம். அங்கே முரணுக்கு வேலையில்லை.

முரண் என்றால் முரண்பாடும் முரண்டும் நினைவுக்கு வருகின்றனவே, உடைக்கு அது பொருந்துமா என்று கேட்கலாம். அந்த உறுத்தல் நியாயமானது. அதனால்தான் தனிச்சொல்லாக விடாமல் 'நிற முரண்' என்று சேர்த்தே வழங்குவது நல்லது. சேர்க்கை கெட்டுப்போன இடத்தில் 'முரண்' என்று சொல்லவே கூடாது; அதற்கு 'நிறம் சேரவில்லை' என்ற நம் பேச்சு வழக்கே போதுமானது. 'இந்தச் சட்டைக்கு இயைபாக வேண்டாம், நிற முரணாக ஒரு ஸ்கார்ஃப் எடு', 'பேன்ட்டுக்கும் காலணிக்கும் நிற முரண் நன்றாக அமைந்திருக்கிறது', 'முரண் சரிதான், செறிவுதான் ஒத்துவரவில்லை' என்றெல்லாம் வாக்கியத்தில் அது தடையின்றி அமர்கிறது.