யூரின் டியூபில் குடியேறும் கிருமி

படுத்த படுக்கையாக இருக்கும் வயதானவருக்கு யூரின் டியூப் போட்டால், அது உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும் சிறுநீரில் பாக்டீரியா சேர 3 முதல் 7 சதவீதம் வாய்ப்பு உண்டு. ஒரு மாதம் தாண்டினால் கிட்டத்தட்ட எல்லோருக்குமே சேர்ந்துவிடும். ஆன்டிபயாடிக்குக்கு அடங்காத தொற்று பலருக்கு இங்கேதான் ஆரம்பிக்கிறது.

டியூபின் உட்சுவரில் ஒட்டிக்கொண்ட பாக்டீரியா பிசின் மாதிரி ஒன்றைச் சுரந்து, அதற்குள் கூட்டமாக வாழத் தொடங்கும். இதுதான் பயோஃபிலிம். புரோட்டியஸ் என்ற கிருமி இன்னும் மோசம்: யூரியாவை உடைத்து அமோனியா ஆக்கும், சிறுநீரில் காரத்தன்மை ஏறும், அதில் உப்புகள் படிகமாக உறைந்து டியூபையே அடைத்துவிடும். பிசினுக்குள் மருந்து சரியாக ஊடுருவாது. ஊடுருவினாலும், ஆழத்தில் இருக்கும் பாக்டீரியா உணவு கிடைக்காமல் வளர்ச்சியை நிறுத்திவிட்டுச் சும்மா கிடக்கும். பெனிசிலின் வகை மருந்துகள் பாக்டீரியா செல்சுவர் கட்டும் வேலையைக் கெடுத்துத்தான் அதைக் கொல்கின்றன. சுவரே கட்டாமல் கிடப்பதை என்ன செய்ய முடியும்?

அப்புறம், இந்த நெருக்கத்தில் ஜீன்களும் கைமாறுகின்றன. பிளாஸ்மிட் என்ற சிறு டிஎன்ஏ வளையத்தை ஒரு பாக்டீரியா பக்கத்தில் இருப்பதற்குக் கொடுக்க முடியும், அது வேறு இனமாக இருந்தாலும்கூட. பெனிசிலினின் மையத்தில் இருக்கும் பீட்டா-லாக்டம் வளையத்தை வெட்டும் என்சைமுக்கான ஜீன் பெரும்பாலும் இப்படித்தான் பரவுகிறது. கடைசி ஆயுதமாக வைத்திருக்கும் கார்பபெனம் மருந்துகளையே வெட்டும் என்சைம்களும் வந்துவிட்டன. மருந்து கொடுக்கும்போது சாதாரணக் கிருமிகள் சாகும், இந்த ஜீன் உள்ளவை தப்பிக்கும், காலியான இடம் முழுக்க அவற்றின் வாரிசுகள்.

வயதானவர்களை இது ஏன் அதிகம் தாக்குகிறது? எதிர்ப்பு சக்தி குறைந்திருக்கும், சர்க்கரை நோய் இருக்கலாம், ஆஸ்பத்திரிக்குப் போய்வந்து ஏற்கெனவே பல ஆன்டிபயாடிக் சாப்பிட்டிருப்பார்கள். கிட்னி தளர்ந்திருப்பதால் மருந்தின் அளவை முடிவுசெய்வதும் கஷ்டம். பெரிய தொற்று வந்தும் காய்ச்சலே அடிக்காமல் போகலாம். திடீரென்று குழம்பிப் பேசுவது, சாப்பிடாமல் சோர்ந்து கிடப்பது மட்டுமே அறிகுறியாக இருக்கலாம். 2024-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த உலகளாவிய ஆய்வின்படி, 1990-க்கும் 2021-க்கும் இடையில் மருந்துக்கு அடங்காத தொற்றால் ஏற்படும் மரணங்கள் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளிடம் பாதிக்கும் மேல் குறைந்தன, 70 வயதைத் தாண்டியவர்களிடம் 80 சதவீதத்துக்கும் மேல் கூடின.

என்னை மிகவும் வருத்துவது, தேவையே இல்லாமல் கொடுக்கப்படும் ஆன்டிபயாடிக். முதியவர்கள் பலருக்குச் சிறுநீரில் பாக்டீரியா இருக்கும், ஆனால் எரிச்சலோ வலியோ காய்ச்சலோ எதுவும் இருக்காது. அதற்கு வைத்தியம் தேவையில்லை என்பதுதான் மருத்துவ வழிகாட்டுதல். சிறுநீர்ப் பாதையில் செய்யும் அறுவைசிகிச்சை போன்ற சில சூழல்கள் மட்டும் விதிவிலக்கு. ஆனாலும் கல்ச்சர் (சிறுநீரில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனை) ரிப்போர்ட்டில் கிருமியின் பெயரைப் பார்த்ததும் வீட்டில் பதறுகிறோம், மருந்து எழுதச் சொல்கிறோம். அந்த மருந்து குடலில் இருக்கும் நல்ல பாக்டீரியாவையும் அழித்து, அடங்காத கிருமிக்கு இடம் விட்டுக்கொடுக்கிறது.

உங்கள் வீட்டுப் பெரியவருக்கு டியூப் போட்டிருந்தால், "இது இன்னும் தேவையா?" என்று டாக்டரிடம் தினமும் கேளுங்கள், தயங்க வேண்டாம். நிஜமாகவே தொற்று என்று சந்தேகம் வந்து, டியூப் போட்டு இரண்டு வாரத்துக்கு மேல் ஆகியிருந்தால், புது டியூப் மாற்றிய பிறகு அதிலிருந்து கல்ச்சருக்குச் சிறுநீர் எடுப்பதுதான் சரி. பழைய டியூபிலிருந்து எடுத்தால் அதன் சுவரில் படிந்த கிருமிகளும் கலந்து வந்து, தேவையில்லாத மருந்துக்கு வழி காட்டிவிடும்.