கொதித்தாலும் அடங்காத சோற்றுக் கிருமி

"மத்தியானம் வடித்த சோறு ராத்திரி வரை வெளியில்தான் இருந்தது. நன்றாகச் சூடுபண்ணிச் சாப்பிட்டால் கிருமி செத்துவிடும்தானே?" என்பது வாசகர் ஒருவரின் கேள்வி. கிருமி சாகும். வாந்தி வரலாம்.

சூட்டில் கிருமி சாவது பள்ளியில் படித்த சங்கதிதான்: முட்டையின் வெள்ளைக்கரு வேகும்போது உறைவதுபோல அதன் புரதங்கள் குலைந்துபோகின்றன. பாலுக்கு 72 டிகிரி செல்சியஸில் 15 நொடி போதும். ஆனால் வயல் மண்ணிலிருந்து அரிசியோடு வரும் 'பேசில்லஸ் சீரியஸ்' என்ற பாக்டீரியா உலைக்குள் இறங்குவது உறங்கும் வித்தாக, அதாவது ஸ்போராக.

அந்த வித்தைப் பார்த்து வியக்காமல் இருக்க முடியாது. புரதம் குலைய அதைச் சுற்றித் தண்ணீர் வேண்டும். வித்து தன் நடுப்பகுதியிலிருந்து தண்ணீரை வெளியேற்றிவிடுகிறது. சாதாரண செல்லில் 80 விழுக்காடு நீர் என்றால் இங்கே 25 முதல் 50 வரைதான். அந்த இடத்தைக் கால்சியமும் டைபிகோலினிக் அமிலமும் சேர்ந்த உப்பு பிடித்துக்கொள்கிறது. வித்தின் உலர் எடையில் அதுவே ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. டிஎன்ஏவின் மேல் சின்னப் புரதங்கள் கவசமாக ஒட்டிக்கொள்கின்றன. ஆய்வகத்தில் இதைக் கொல்ல 121 டிகிரி நீராவியில் 15 நிமிடம் வைப்பார்கள். குக்கர் அந்தச் சூட்டை நெருங்கினாலும் மூன்று விசிலுக்குள் அவ்வளவு நேரம் கிடைக்காது.

வேடிக்கை என்னவென்றால், கொதிதான் வித்தைத் தட்டி எழுப்புகிறது! போட்டிக்கு இருந்த மற்ற கிருமிகளையும் அதே கொதி ஒழித்துவிடுகிறது. இயற்பியலாளர் ஜான் டிண்டல் 1877இல் இந்த விழிப்பையே ஆயுதமாக்கினார்: கொதிக்கவை, முளைக்க விடு, முளைத்ததை மறுபடி கொதிக்கவை.

சோறு 60 டிகிரிக்குக் கீழே இறங்கி வெதுவெதுப்பானதும் முளைத்தவை பெருகும். அரை மணிக்கு ஒருமுறை பிளந்தால் ஒன்று எட்டு மணி நேரத்தில் 65,536. பெருகும்போது அவை 'செரியுலைடு' என்ற நஞ்சை விடுகின்றன. அது வளைய வடிவ மூலக்கூறு. 121 டிகிரியில் 90 நிமிடம் வைத்தாலும் அழியாது. உங்கள் அடுப்பு அதை என்ன செய்துவிடும்? சாப்பிட்ட அரை மணி நேரத்திலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் குமட்டலும் வாந்தியும் வரும். கண் பட்டுவிட்டது என்று மிளகாய் சுற்றிப் போடுவதைவிட, சோறு எத்தனை மணிக்கு வடித்தது என்று கேட்பது உருப்படியான வேலை.

மிஞ்சிய சோற்றைத் தாம்பாளத்தில் மெல்லியதாகப் பரப்பி ஆறவிட்டு, இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வையுங்கள். பானையோடு மூடி உள்ளே தள்ளினால் நடுச்சோறு மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகவே கிடக்கும். கல்யாண வீட்டு அண்டாவில் இன்னும் மோசம். பரிமாறும்வரை 60 டிகிரிக்கு மேலேயே வைத்திருக்க வேண்டும். ஃபிரிட்ஜ் கிருமியைக் கொல்லாது, முடக்கி வைக்கும், அவ்வளவே.

அப்படியானால் பழைய சோறு? அதில் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் தண்ணீரைப் புளிக்க வைக்கின்றன. நன்றாகப் புளித்த நீரில் பேசில்லஸால் பெருக முடியாது. ஆனால் புளிப்பு ஏறச் சில மணி நேரம் ஆகும். அதனால் சோறு ஆறியவுடனே தண்ணீர் ஊற்றிவிட வேண்டும். பகல் முழுக்க வெளியில் கிடந்ததில் இரவு ஊற்றினால், அதற்குள் உண்டாகிவிட்ட செரியுலைடைப் புளிப்பும் ஒன்றும் செய்யாது.