20-ஆம் தேதி வேலைக்கு 15-ஆம் தேதியில் வட்டம் போடுங்கள்

மாதா மாதம் 20-ஆம் தேதி மாலை ஆறு மணிக்கு மேல் என் அலுவலகப் படியேறி வருகிறவர் கையில் அநேகமாக ஒரு மஞ்சள் பை இருக்கும். பைக்குள் பில்கள். மடித்தவை, சுருட்டியவை, டீ சிந்தியவை, ரப்பர் பேண்டு இறுக்கி நடு இடுப்பு ஒடிந்தவை. "பத்து நிமிஷ வேலைதான் மேடம்" என்பார். முந்தைய மாத வரிக்குக் கணக்குக் காட்டிக் கட்டும் மாதாந்திர ஜிஎஸ்டி 3பி ரிட்டர்னுக்கு அன்றுதான் கடைசி நாள். இணையதளத்தில் அந்த வட்டம் சுற்றும், சுற்றிக்கொண்டே இருக்கும். நாங்கள் இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருப்போம்.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் பதினாறு வருடமாக வரி ஆலோசகராக இருக்கிறேன். என்னிடம் வருகிறவர்கள் ஜவுளிக்கடைக்காரர்கள், பண்ருட்டிப் பக்கத்து முந்திரி வியாபாரிகள், சொந்தமாக கிளினிக் வைத்திருக்கும் டாக்டர்கள். எல்லோரும் விடிந்ததிலிருந்து காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டதுபோல் ஓடுகிறவர்கள். ஒருவரையும் சோம்பேறி என்று சொல்ல முடியாது. ஆனாலும் தாமதக் கட்டணம் கட்டுகிறார்கள். ஒரு நாளைக்கு 50 ரூபாய், வரியே இல்லாத ரிட்டர்ன் என்றால் 20 ரூபாய். கட்டாமல் விட்ட வரிக்கு வருடத்துக்கு 18 சதவீத வட்டி தனி. கடலூரில் ஒரு கடை, புதுச்சேரியில் ஒரு கிளை என்று வைத்திருப்பவர்களுக்கு இரண்டு பதிவு எண். முக்கால் மணி நேர தூரம்தான், ஆனால் இரண்டு ரிட்டர்ன், இரண்டு அபராதம்.

ஏன் இப்படி என்று நான் பல நாள் யோசித்ததுண்டு. ஒரு முறை ஒரு ஹார்டுவேர் கடைக்குப் போயிருந்தபோது சுவர்க் காலண்டரைப் பார்த்தேன். 20-ஆம் தேதியைச் சுற்றி சிவப்பு மையில் வட்டம், அதுவும் இரண்டு தடவை அழுத்திப் போட்டது. "பாருங்க மேடம், மறக்கலை" என்றார் அந்த அண்ணன். உண்மைதான், அவர் மறக்கவில்லை. ஆனால் முடிக்க வேண்டிய தேதி மட்டும் அந்தச் சுவரில் இருந்தது. தொடங்க வேண்டிய தேதி எங்கேயும் இல்லை.

அவருக்கு அங்கேயே உட்கார்ந்து கணக்குப் போட்டுக் காட்டினேன். விற்பனைக் கணக்கான ஜிஎஸ்டிஆர் 1-க்கு 11-ஆம் தேதி கடைசி. உங்களுக்குச் சரக்கு கொடுத்தவர்கள் போட்ட பில்களின் பட்டியல், அதாவது 2பி, 14-ஆம் தேதி உருவாகிவிடும். அப்படியென்றால் 15-ஆம் தேதி உங்கள் கொள்முதல் பில்களை அதோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஒரு சப்ளையர் பில்லை ஏற்றாமல் விட்டிருந்தால் அவரைப் பிடித்துக் கேட்டு அடுத்த மாதப் பட்டியலிலாவது ஏற்ற வைக்க, இந்த மாதத்துக்குக் கைக்காசு திரட்ட நாலைந்து நாள் கையில் இருக்கும். 20-ஆம் தேதி ராத்திரி உட்கார்ந்தால் அந்த சப்ளையர் போனையே எடுக்க மாட்டார். கொள்முதலில் கொடுத்த வரியைக் கழித்துக்கொள்ளும் வரவு அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போனதே அப்போதுதான் தெரியும், அன்றைக்கே கைக்காசு போட்டுக் கட்ட வேண்டியதுதான். பேனாவை வாங்கி 15-இல் ஒரு வட்டம் போட்டுவிட்டு வந்தேன். இதற்கு நான் தனியாகக் கட்டணம் வாங்கவில்லை.

பிள்ளையின் கல்லூரிக் கட்டணம், கரண்ட் பில், பாஸ்போர்ட் புதுப்பித்தல், இன்சூரன்ஸ் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். ஊருக்கு உபதேசம் என்று நினைக்காதீர்கள். என் ஸ்கூட்டிக்கு இன்சூரன்ஸ் முடிந்து 40 நாள் கழித்துத்தான் எனக்கே தெரிந்தது. தேதி என் மொபைலில் இருந்தது. அதுவும் முடியும் தேதிதான்.

கூடுதல் நாள் கிடைத்தால் சரியாகிவிடுமா? 2025-இல் வருமான வரி ரிட்டர்னுக்கான ஜூலை 31-ஐ செப்டம்பர் 15 வரை தள்ளினார்கள், பிறகு இன்னும் ஒரு நாள் கூட்டினார்கள். ஒன்றரை மாதம் சும்மா கிடைத்தது. வழக்கமாக ஜூலை 30-ஆம் தேதி வருகிற அதே முகங்கள் செப்டம்பர் 14, ஞாயிற்றுக்கிழமை மதியம் என் வீட்டு வாசலில் நின்றன. ஞாயிற்றுக்கிழமை, அதுவும் மீன் குழம்பு வேளையில்.

நமக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று நாம் போடுகிற கணக்கே தப்பு. கனடாவில் ரோஜர் ப்யூலர் என்ற உளவியலாளரும் அவர் சகாக்களும் 1994-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த மாணவர்களிடம் எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள். சரி, எல்லாமே கெட்டுப்போனால்? 49 நாள் என்றார்கள். கடைசியில் ஆனது 55 நாளுக்கு மேல். நம் ஊர்க் கொத்தனாரிடம் வீடு கட்டக் கொடுத்த யாருக்கும் இதில் ஆச்சரியம் இருக்காது. அதனால் நான் மனதில் தோன்றும் நேரத்தோடு பாதியைக் கூட்டித்தான் எழுதுகிறேன். இரண்டு மணி நேரம் என்று தோன்றினால் மூன்று.

கடலூர்க்காரர்கள் இதோடு மழையையும் கூட்ட வேண்டும். 2011 டிசம்பரில் தானே புயல், 2015 வெள்ளம், 2024 நவம்பர் 30-இல் கரை கடந்த ஃபெஞ்சல் புயல், அதன் பின்னாலேயே தென்பெண்ணை வெள்ளம். ஐப்பசி, கார்த்திகையில் கரண்ட் இருக்கும், நெட் இருக்கும் என்று நம்பி ஒரு வேலையைக் கடைசி நாளுக்கு வைப்பது நம் ஊரில் அசட்டுத்தனம். என் அலுவலகத்தில் அக்டோபர் பிறந்ததும் கீழ்த்தட்டு ஃபைல்கள் மேல்தட்டுக்கு ஏறிவிடும். வேலைகளின் தேதிகளும் அதேபோல் ஒரு வாரம் முன்னால் ஏறும்.

அன்றாட வேலைக்கு நான் வைத்திருப்பது ஒரே ஒரு சாதனம், கிழிக்கிற தினசரி காலண்டர். காலையில் நேற்றைய தாளைக் கிழித்து அதன் பின்பக்கம் இன்றைய வேலையை எழுதுகிறேன். ஆப் எல்லாம் போட்டுப் பார்த்தேன். அதில் எவ்வளவு வேண்டுமானாலும் ஏற்றலாம் என்பதுதான் கோளாறு. என் பட்டியல் 63 வேலைக்குப் போய், பிறகு அதைத் திறக்கவே பயந்தேன். உள்ளங்கை அகலத் தாளில், என் கோழிக்கிறுக்கலில், மூன்று வேலைக்கு மேல் கொள்ளாது. கொள்ளாததால் எது முக்கியம் என்று காலையிலேயே முடிவு செய்தாக வேண்டும். "ஜிஎஸ்டி பார்க்கணும்" என்று எழுதுவதில்லை. "11 மணிக்கு மருந்துக்கடை கொள்முதல் பில் ஒப்பிட" என்று எழுதுவேன். என்ன செய்வது என்பதோடு எப்போது, எங்கே என்றும் முன்கூட்டியே தீர்மானித்துக்கொண்டவர்கள் அதிகம் முடிக்கிறார்கள் என்று ஜெர்மானிய உளவியலாளர் பீட்டர் கோல்விட்சரின் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

அந்தத் தாளின் முன்பக்கத்தை என்னைவிட நன்றாகப் பயன்படுத்துகிறவர் திருப்பாதிரிப்புலியூர் லாரன்ஸ் ரோட்டில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் ஒரு பெரியவர். ராகு காலத்தில் அவர் புதுச் சரக்குக்கு ஆர்டர் கொடுக்க மாட்டார், செக் எழுத மாட்டார். முன்பெல்லாம் அந்த ஒன்றரை மணி நேரம் பேப்பரிலும் அரட்டையிலும் போகும். "புதுசாகத்தானே எதையும் தொடங்கக்கூடாது, பழைய பாக்கியை முடிக்கலாமே ஐயா" என்று ஒரு நாள் விளையாட்டாகத்தான் சொன்னேன். பிடித்துக்கொண்டார். திங்கள் 7.30, செவ்வாய் 3 மணி, புதன் 12, வெள்ளி 10.30 என்று அது நாளுக்கு நாள் மாறும். அந்த நேரத்துக்குக் கணக்கு மேஜையில் உட்கார்ந்துவிடுகிறார். போன் கல்லாவில் இருக்கும் மகனிடம். "ராகு காலம், அப்பா பேசமாட்டார்" என்று மகன் சொன்னால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. "வேலையாக இருக்கிறார்" என்று சொல்லிப் பாருங்கள், ஆயிரம் கேள்வி வரும். ஞாயிறு மாலை 4.30 என்பது கடையில் கூட்ட நேரம், அன்றைக்கு மட்டும் ராகுவுக்கு லீவு என்பார். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை உண்டா என்று கேட்காதீர்கள். ஒரு வருடமாக அவர் தாமதக் கட்டணம் கட்டவில்லை, அது என் லெட்ஜரில் இருக்கிறது.

போன் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் வாட்ஸ்அப் பில் படங்களை காலை 10-க்கும் மாலை 5-க்கும் மட்டும் பார்க்கிறேன். முதல் மாதம் திட்டினார்கள், அப்புறம் பழகிவிட்டது.

இன்னொன்று, எங்கள் தொழிலிலிருந்து எடுத்தது. வரவே வராது என்று தெரிந்த பாக்கியை வாராக் கடன் என்று எழுதித் தள்ளிவிடுவோம். இல்லாவிட்டால் சொத்து இருப்பதுபோல் கணக்கு பொய் சொல்லும். வேலைப் பட்டியலிலும் வாராக் கடன் உண்டு. ஒரு வேலை தொடர்ந்து ஐந்து தாளுக்கு மாறி மாறி வந்தால் அன்றே உட்கார்ந்து முடிக்கிறேன், அல்லது வேறு யாரிடமாவது கொடுக்கிறேன், இரண்டும் இல்லையென்றால் தள்ளுபடி. அப்படி நான் மூன்று வருடம் சுமந்தது, பரணில் கிடந்த தையல் மிஷினை ரிப்பேர் செய்து ரவிக்கை தைக்கக் கற்பது. போன தீபாவளிக்கு முன்னால் ஒரு பெருமூச்சோடு அதை அடித்துவிட்டேன். எதிர்வீட்டு அக்கா மிஷினைக் கேட்டு வாங்கிப்போய் எண்ணெய் போட்டு ஓட்டினார். இப்போது என் ரவிக்கைகளை அவர்தான் தைக்கிறார். கூலி 250 வாங்கிக்கொள்கிறார், கடைசி நாளில் கொண்டுபோனால் 50 சேர்த்து.