கோலிசிஸ்டெக்டமி – பித்தப்பை நீக்கம்

மருத்துவர்கள் தங்களுக்குள் 'லேப் கோலி' என்று சுருக்கிச் சொல்வது லேப்பராஸ்கோப்பிக் கோலிசிஸ்டெக்டமியைத்தான், அதாவது வயிற்றில் சிறு துளைகள் இட்டு, உள்ளே கேமராவில் பார்த்தபடி பித்தப்பையை அகற்றும் அறுவை. பெயர் முழுக்கக் கிரேக்க வேர்களால் ஆனது. 'கோலே' பித்தம், 'கிஸ்டிஸ்' பை, 'எக்டொமே' வெட்டி எடுத்தல். ஆகப் பித்தப்பை நீக்கம். 'லப்பரா' என்பது விலாவுக்கும் இடுப்புக்கும் நடுவிலுள்ள மெத்தென்ற பகுதி, 'ஸ்கோப்பியா' பார்த்தல்.

பேச்சுவழக்கில் இது 'பித்தப்பைக் கல் ஆபரேஷன்'. கல்லை மட்டும் எடுப்பார்கள் என்று சிலர் நினைத்துக்கொள்வது இந்தப் பெயரால்தான். எடுப்பது பையையே, அதை விட்டுவைத்தால் திரும்பக் கல் உருவாகக்கூடும். பித்தம் சுரப்பது கல்லீரலில், பை வெறும் சேமிப்பிடம். அது போனபின் பித்தம் நேரே குடலுக்குப் போகும். சிலருக்குக் கொஞ்ச நாள் வயிற்றுப்போக்கு இருக்கும், மற்றபடி செரிமானம் நடக்கும்.

பித்தப்பையை வயிற்றைத் திறந்து முதலில் அகற்றியவர் பெர்லினில் கார்ல் லாங்கன்புக், 1882இல். துளைவழியாக முதலில் அகற்றியவர் இன்னொரு ஜெர்மானியர், எரிக் முயே, 1985இல். அன்று சக மருத்துவர்கள் அதைப் பெரிதாக மதிக்கவில்லை!

இத்தகைய அறுவையை ஆங்கிலத்தில் 'கீஹோல் சர்ஜரி' என்பார்கள்; அதற்கு 'சாவித்துளை அறுவை' என்ற பெயர்ப்பு எனக்கு ஒட்டவில்லை. துளை ஒன்றல்ல, வழக்கமாக நான்கு. ஒவ்வொன்றும் 5 முதல் 10 மில்லிமீட்டர். 'நுண்துளை அறுவை' பொருத்தம். முழுப்பெயர் வேண்டுமென்றால் 'நுண்துளைவழிப் பித்தப்பை நீக்கம்'. கருவிகள் நகர இடம் வேண்டும் என்பதால் கரியமில வாயுவால் வயிற்றை உப்ப வைப்பார்கள். அறுவைக்குப் பிறகு தோள்பட்டை வலிப்பது பெரும்பாலும் இந்த வாயு, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத்தை உறுத்துவதால்; சில நாளில் சரியாகிவிடும்.

துளை சிறிது என்பதால் வலியும் காயத்தில் சீழ் பிடிப்பதும் குறைவு. பலர் அன்றோ மறுநாளோ வீடு திரும்புகிறார்கள். ஆனால் உள்ளே நடக்கும் வேலை சிறிதல்ல. பித்தப்பைக் குழாய் என்று எண்ணி, குடலுக்குப் பித்தம் கொண்டுபோகும் பொதுப் பித்தநாளத்தை வெட்டிவிடுவதுதான் பெரிய ஆபத்து. அரிதுதான், ஆயிரத்தில் சுமார் மூன்று முதல் ஐந்து பேருக்கு என்பார்கள். திறந்த அறுவையைவிட இதில் சற்றே அதிகம். அதனால்தான், பைக்குள் போவது ஒரு குழாயும் ஒரு தமனியும் மட்டுமே என்று கண்ணால் பார்த்து உறுதி செய்யாமல் எதையும் வெட்டக் கூடாது என்பது விதி. வீக்கத்தில் எல்லாம் ஒட்டிக்கிடந்தால் பையில் ஒரு பகுதியை விட்டுவிடுவதும், வயிற்றைத் திறப்பதும் உண்டு. அப்படித் திறந்ததைக் கோளாறு என்று எண்ண வேண்டாம், பல சமயம் அதுதான் நல்ல முடிவு.

வீட்டுக்கு வந்தபின் காய்ச்சல், கண் மஞ்சளாவது, கூடிக்கொண்டே போகும் வயிற்றுவலி இவற்றில் எது வந்தாலும் அடுத்த பரிசோதனை நாள்வரை காத்திருக்காமல் உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.