அணை நீருக்கு அடியில் ஒரு பள்ளத்தாக்கு

மலேசியாவில், கோலகுபு பாரு நகரத்திலிருந்து பிரேசர் மலைக்கு ஏறும் சாலையில் சிலாங்கூர் ஆற்று அணையின் நீர்த்தேக்கம் வரும். 2000-களின் தொடக்கத்தில்தான் இங்கே தண்ணீர் நிறைந்தது. அதற்கு முன் ஓடிய ஆற்றின் வளைவுகளைப் பார்க்க வேண்டுமென்றால், பழைய நில அளவைப் படத்தைத்தான் விரிக்க வேண்டும்.

தரையில் ஒரு மைல், தாளில் ஓர் அங்குலம். அதாவது 63,360-இல் ஒரு பங்கு. அந்தத் தட்டையான தாளில் மலையைக் காட்டுபவை சம உயரக் கோடுகள். ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல. சரிவில் பால்மரம் (ரப்பர் மரம்) நடும்போது மேலிருந்து கீழாக நிரை பிடித்தால் மழை மண்ணை அள்ளிக்கொண்டு போய்விடும். அதனால் ஒரே மட்டத்தில் மலையைச் சுற்றிப் படி வெட்டி நடுவார்கள். அந்தப் படியில் எவ்வளவு தூரம் நடந்தாலும் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. சம உயரக் கோடும் அப்படித்தான்.

கோடுகள் நெருங்கியிருந்தால் செங்குத்து, விலகியிருந்தால் மென்சரிவு. ஆற்றைக் கடக்கும் இடத்தில் கோடு அம்பு முனைபோல் மடங்கும்; முனை ஆறு வரும் திசையைக் காட்டும். காரணம் எளிது: கரையைவிட ஆற்றுப்படுகை தாழ்ந்தது. கரையில் நிற்கும் அதே உயரத்தைப் படுகையில் தேடினால், ஆற்றின் மேல்பக்கம் நடந்துதான் அதை எட்ட முடியும்.

எனக்கு மிகவும் பிடித்தது இனிமேல்தான். தேங்கிய நீர் எப்போதும் ஒரே மட்டத்தில் நிற்கும். ஆகவே நீர்த்தேக்கத்தின் கரையே ஒரு சம உயரக் கோடு! அணை எழும் முன்பே, பழைய படத்தில் நீர்மட்டத்துக்குரிய கோட்டைப் பிடித்துக்கொண்டு போனால் மூழ்கப்போகும் நிலம் தெரிந்துவிடும். அடுத்தடுத்த இரண்டு கோடுகள் சூழும் பரப்புகளின் சராசரியை, இடையிலுள்ள உயரத்தால் பெருக்கினால் ஓர் அடுக்கு நீரின் கொள்ளளவு. அடுக்குகளைக் கூட்டினால் மொத்தக் கொள்ளளவு.

இந்த ஆறு முன்பும் நிலத்தை மாற்றியிருக்கிறது. மேலே வெள்ளீயம் தோண்டிய மண் வண்டலாகப் படிந்து படுகை உயர, வெள்ளத்தில் தவித்த பழைய கோலகுபுவைக் கைவிட்டு, 1931-இல் நகரம் மேட்டு நிலத்துக்கு வந்தது. பெயரில் உள்ள 'பாரு', புதியது என்ற மலாய்ச் சொல்.

வறட்சியில் நீர் இறங்கும்போது கரையில் செம்மண் பட்டைகள் வரிவரியாகத் தெரியும். பழைய படத்தோடு அப்போது போய்ப் பாருங்கள். மலைக்குள் விரல்போல் நுழைந்திருந்த நீர் பின்வாங்கும் இடங்களில், படத்தில் ஓர் ஓடை இருக்கும்.