அடைக்கோழி பிறர் குஞ்சை ஏற்பது எப்படி?

அடையில் இருக்கும் கோழியின் அடியில், அது இடாத முட்டையிலிருந்து பொரிந்த ஒரு நாள் குஞ்சுகளை இரவில் வைத்துவிட்டால், பெரும்பாலும் விடிந்ததும் அவற்றைத் தன் குஞ்சுகளாகவே கூட்டிக்கொண்டு இரை தேடக் கிளம்பிவிடும். அதே குஞ்சுகளை ஒரு வாரம் கழித்துப் பட்டப்பகலில் அதன் முன்னே விட்டால் கொத்துதான் கிடைக்கும். கோழி வளர்க்கும் பலருக்கும் அனுபவத்தில் தெரிந்த விஷயம் இது. கோழியின் இரத்தத்தில் ஊறும் ஒரு ஹார்மோனும், குஞ்சின் மூளை தாயை அடையாளம் பிடிக்கும் ஒரு குறுகிய பருவமும் ஒரே வேளையில் சேர்ந்தால்தான் இந்தப் பிணைப்பு அமைகிறது. சூடு கொடுப்பதுதான் தாய்க்கோழியின் வேலை என்று நினைப்பவர்கள் இந்தப் பிணைப்பைக் கவனிப்பதே இல்லை.

முதலில் கோழியின் பக்கம். நாள் நீள நீள, கூட்டில் முட்டை சேரச் சேர, மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி புரோலாக்டினை அதிகமாகச் சுரக்கிறது. பாலூட்டிகளில் பால் சுரக்க உதவும் அதே ஹார்மோன் இங்கே கோழியை அடைக்கு உட்கார வைக்கிறது. முட்டை உருவாகும் சூலகம் சுருங்கி, முட்டையிடுவது நின்றுபோகும். வயிற்று இறகுகள் உதிர்ந்து, அங்கே வெறும் தோல் தெரியும்; அந்தத் தோலில் இரத்த ஓட்டம் கூடும். கையை அடியில் விட்டுப் பாருங்கள்: சுடச்சுட இருக்கும். கோழியோ இறகைச் சிலிர்த்து, உடம்பைத் தட்டையாக்கி, தொண்டைக்குள் உறுமும். நாளுக்கு ஒருமுறை எழுந்து அவசரமாக இரை எடுத்து, தண்ணீர் குடித்து, நாளெல்லாம் அடக்கி வைத்த பெரிய எச்சத்தை இட்டுவிட்டுத் திரும்பிவிடும். இந்த மூன்று வாரத்தில் அதன் எடை கண்கூடாகக் குறையும். லெகார்ன் போன்ற முட்டை இனங்கள் அடைக்கே உட்காராததற்குக் காரணம், அடைக்குப் போகாமல் முட்டையிடும் கோழிகளையே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்த்ததுதான்.

புரோலாக்டின் தானாக உயர்ந்தே இருப்பதில்லை. வயிற்றின் வெறுந்தோலில் முட்டை படும் அந்தத் தொடுதல்தான் அதைத் தாங்கிப் பிடிக்கிறது. முட்டையை எடுத்துவிட்டால் அளவு சரிந்து, சில நாளில் கோழி அடை தெளிந்துவிடும். முட்டை இருந்த இடத்தில் குஞ்சுகள் வந்துவிட்டாலும் புரோலாக்டின் இறங்கத்தான் செய்யும். ஆனால் இப்போது குஞ்சுகளின் ஸ்பரிசமும் சத்தமும் கோழியின் நடத்தையை வேறு தடத்தில் திருப்புகின்றன: அசையாமல் உட்கார்ந்திருந்தது எழுந்து நடக்கிறது, கூப்பிடுகிறது, காவல் காக்கிறது. தன் முட்டைதானா என்று கோழி பார்ப்பதில்லை. அடியில் எதையோ உணர்கிறது, அதன் குரலைக் கேட்கிறது, அது போதும்.

அந்தக் குரல் ஓட்டுக்குள்ளேயே தொடங்கிவிடுகிறது. அடைகாலம் 21 நாள். கடைசி இரண்டு நாளில் குஞ்சு உள்சவ்வைக் கிழித்து, முட்டையின் அகன்ற முனையில் இருக்கும் காற்றறைக்குள் அலகை நீட்டி முதல் மூச்சை இழுக்கிறது. அப்போதே கீச்சிடத் தொடங்கும். கோழியும் தாழ்ந்த குரலில் பதில் கொடுக்கும். வெளியே வருவதற்குச் சற்று முன்பு மீதமிருக்கும் மஞ்சள்கரு குஞ்சின் வயிற்றுக்குள் இழுக்கப்படுகிறது. அதை வைத்து இரண்டு மூன்று நாள் இரையே இல்லாமல் தாக்குப்பிடிக்க முடியும். பின்தங்கிய முட்டைகள் பொரியும் வரை கோழி பொறுமையாக உட்கார்ந்திருக்க முடிவதும், பொரிப்பகங்கள் ஒரு நாள் குஞ்சுகளைத் தொலைதூரத்துக்கு அனுப்ப முடிவதும் இதனால்தான்.

இனி குஞ்சின் பக்கம். 1873இல் டக்ளஸ் ஸ்பால்டிங் என்ற ஆங்கிலேயர் தம் சோதனையை வெளியிட்டார். பொரிந்த குஞ்சுகளின் கண் தெரியாதபடி சிறு முக்காடு போட்டு வைத்திருந்து, வெவ்வேறு வயதில் அவிழ்த்துவிட்டார். சீக்கிரம் அவிழ்த்த குஞ்சுகள் அவர் பின்னாலேயே ஓடின. நான்கு நாள் வரை மூடியிருந்தவை அவரைக் கண்டு மிரண்டு ஓடின. கண்ணில் படும் பெரிய, நகரும் பொருளைத் தாயாகப் பதித்துக்கொள்ளும் காலம் அந்தச் சில நாளுக்குள் முடிந்துவிடுகிறது; அதன்பின் புதிது எதுவும் அச்சமூட்டும். பின்னாளில் வாத்தினப் பறவைகளில் இதை விரிவாக ஆராய்ந்த கொன்ராட் லோரென்ஸ் 1973இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். ஒரு வாரம் மின்விளக்கின் கீழ் வளர்ந்த குஞ்சு கோழியிடம் ஒட்டாததற்குக் காரணம் கோழியின் கோபம் மட்டுமல்ல, குஞ்சே அதனிடம் போவதில்லை.

ஆகவே வெளியிலிருந்து குஞ்சு வாங்கி வைப்பவர்கள் குஞ்சின் வயதில் விட்டுக்கொடுக்கவே கூடாது என்பேன். ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள். கோழியும் குறைந்தது இரண்டு வாரமாவது உறுதியாக அடையில் இருந்திருக்க வேண்டும். நேற்று உட்கார்ந்த கோழியை நம்பக் கூடாது. நன்றாக இருட்டிய பிறகு ஒரு முட்டையை எடுத்து, அந்த இடத்தில் ஒரு குஞ்சை வைக்க வேண்டும். இருட்டில் கோழிக்குக் கண் சரியாகத் தெரியாது. நிறத்தையும் உருவத்தையும் பார்க்கும் முன்பே ஓர் இரவு முழுதும் தோலாலும் காதாலும் பழகிவிடும். விடியும்போது அருகில் இருந்து பார்ப்பது கட்டாயம். மெல்லிய கொக்கரிப்பு கேட்டால் நிம்மதி. குஞ்சின் தலையைக் குறிவைத்துக் கொத்தினால் உடனே பிரித்துவிட வேண்டும். சில கோழிகள் ஏற்கவே ஏற்காது.

தாய் இல்லாத குஞ்சுக்கு முதல் வாரம் ஏறத்தாழ 35 டிகிரி செல்சியஸ் சூடு கொடுத்து, வாரம் மூன்று டிகிரி வீதம் குறைக்கிறோம். கோழியிடம் இந்தக் கணக்கே தேவையில்லை. குளிர்ந்த குஞ்சு கீச்சிட்டபடி சிறகடியில் நுழைகிறது, சூடேறியதும் வெளியே வருகிறது. ஆனால் எந்த விளக்கும் செய்யாத வேலை இரை காட்டுவது. கோழி தரையைக் கிளறி, இரையைக் கொத்தி எடுத்துக் கீழே போட்டு, வேகமாகக் கூப்பிடும். குஞ்சுகள் ஓடிவந்து அதே இடத்தில் கொத்தும். கிறிஸ்டின் நிகோலும் ஸ்டூவர்ட் போப்பும் 1996இல் வெளியிட்ட ஆய்வில், தனக்குக் கசப்பென்று தெரிந்த நிறத் தீவனத்தைக் குஞ்சுகள் தின்பதாகத் தோன்றியபோது கோழி கொத்திக் காட்டுவதையும் தரையைக் கிளறுவதையும் கூட்டியது. பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் 2011இல் நடந்த இன்னோர் ஆய்வில், குஞ்சுகள்மீது மென்மையாகக் காற்றை ஊதியதைப் பார்த்த கோழிகளின் இதயத் துடிப்பு உயர்ந்தது, கண்ணின் வெப்பம் குறைந்தது. என்னைக் கேட்டால், கோழிகளைப் பற்றி இதைவிட அழகான அளவீடு வேறில்லை.

தீவனத்தில் ஒரு கவனம் வேண்டும். முட்டைக்கோழித் தீவனத்தில் மூன்றரை, நான்கு சதவீதம் வரை கால்சியம் இருக்கும். குஞ்சின் சிறுநீரகம் அதைத் தாங்காது. கோழி இப்போது முட்டையிடாததால் குஞ்சுத் தீவனத்தையே அதற்கும் போடலாம். தண்ணீர்த் தட்டு ஆழம் குறைவாக, கூழாங்கல் போட்டு இருக்கட்டும். தரை ஈரமானால் காக்ஸிடியா என்ற குடல் ஒட்டுண்ணி பெருகும். காய்ந்த தரையில் சிறுகச் சிறுக அதைச் சந்திக்கும் குஞ்சுக்கு எதிர்ப்புச் சக்தி வரும். ஈரத்தில் ஒரே வீச்சில் சந்தித்தால் இரத்தக் கழிச்சல்தான். அடைக்கு வைக்கும் முன்பே கோழியின் இறகிடையில் பேன், செள்ளு இருக்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது. பகலெல்லாம் அசையாமல் இருப்பவளிடம் அவை வேகமாகப் பெருகி, குஞ்சுகளுக்கும் தாவும்.

ஐந்து வாரத்துக்கும் எட்டு வாரத்துக்கும் இடையில் கோழியின் கொண்டை மறுபடி சிவக்கும். சூலகம் விழித்து முட்டை வரத் தொடங்கும். நேற்றுவரை கூப்பிட்டு இரை கொடுத்த குஞ்சுகளைக் கொத்தி விரட்டும். அப்போது குஞ்சுகளுக்கு இறகு நிறைந்திருப்பதால் வெளிச்சூடு தேவைப்படாது. பிரிக்க வேண்டியது கோழியைத்தான். உடன்பிறந்த குஞ்சுகளைச் சேர்ந்தே அதே அடைப்பில் இன்னும் சில வாரம் விட்டு வைத்தால், ஒன்றை ஒன்று அணைத்துத் தூங்கிப் பழகிக்கொள்ளும்.